புதுப்பிப்பு: பெத்கெலர்ட் போய் வந்தாச்சு

வேல்ஸில் உள்ள பெத்கெலர்ட் கிராமத்துக்கு ஒரு நாள் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது, இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.

கிளாஸ்லின் ஆற்றோரமாகக் கொஞ்சம் நடந்தால் கெலர்ட் நாயின் சமாதி. மரத்தடியில் இரண்டு கற்பலகைகள். ஒன்றில் வேல்ஸ் மொழி, இன்னொன்றில் ஆங்கிலம். குழந்தையை ஓநாயிடமிருந்து காப்பாற்றிய நாயை, அதன் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் இளவரசர் லெவெலின் அவசரப்பட்டுக் கொன்றுவிட்ட கதை. நம்ம ஊர் கீரிப்பிள்ளைக் கதையேதான்! சமாதியை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விடுதிக்காரர் எழுப்பினார் என்கிறார்கள். அதனால் கதை நிஜமாக இருக்காது; இருந்தாலும் அங்கே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் டினாஸ் எம்ரிஸ் குன்று. சிவப்பு டிராகனும் வெள்ளை டிராகனும் மோதியதாகச் சொல்லப்படும் இடம். மழை பெய்தால் பாறை வழுக்கும். நல்ல ஷூ கட்டாயம்.