ஆறு வரி திருத்தம், 400 வரி டிஃப்: புதிதாக வந்தவரோடு ஸ்டைல் சண்டை

தெற்குவாசல் (கேள்வி):

பைதான், ஃபிளாஸ்க் (வெப் ஃப்ரேம்வொர்க்), எஸ்கியூஎல்ஆல்கெமி (பைதானிலிருந்து டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி). எட்டு பேர் டீம், ஏழு வருஷத்து ரெப்போ (கோட் களஞ்சியம்). எழுதி வைத்த ஸ்டாண்டர்ட் என்று எதுவும் இல்லை. வரி 120 எழுத்து வரை போகலாம், ஸ்ட்ரிங்குக்கு ஒற்றை மேற்கோள், இரண்டும் வாய்வழக்குதான்.

புதிதாகச் சேர்ந்தவர் அனுபவசாலி, கோட் நன்றாகவே எழுதுகிறார். ஆனால் அவர் எடிட்டரில் ஃபைலை சேவ் செய்தாலே பிளாக் (கோடைத் தானே ஒரே வடிவில் அடுக்கும் ஃபார்மேட்டர்) ஓடிவிடுகிறது. இன்வாய்ஸில் ஒரு ரவுண்டிங் பிழை, திருத்தம் ஆறே வரி. டிஃப்பில் (பழைய கோடுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசம்) 400 வரி சிவப்பும் பச்சையும். "நம்ம ஸ்டைல் இது இல்லை" என்கிறார் சீனியர், "பெப் 8 (பைதானின் ஸ்டைல் கையேடு) படி இதுதான் சரி" என்கிறார் இவர். போதாததற்கு, ரெப்போ முழுக்க "== நன்" (மதிப்பு இல்லையா என்ற சோதனை) என்று இருப்பதை "இஸ் நன்" என்று மாற்றி இன்னொரு புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) போட்டிருக்கிறார். நான் லீட் இல்லை, ரிவ்யூ மட்டும் என் தலையில். யாரை விட்டுக்கொடுக்கச் சொல்வது?

நேர்கோடு:

மேற்கோள் சண்டை இருக்கட்டும். அந்த "இஸ் நன்" புல் ரெக்வெஸ்டை முதலில் நிறுத்துங்க.

சாதாரண வேரியபிளுக்கு அவர் சொல்வது சரி. ஆனா எஸ்கியூஎல்ஆல்கெமி காலமுக்கு (டேபிளின் நெடுவரிசை) அது வெடி. காலம் மேல் "==" போட்டால் லைப்ரரி அதைப் பிடித்து "இஸ் நல்" (காலியா என்ற சோதனை) என்ற எஸ்கியூஎல் ஆக மாற்றும். "இஸ்" அப்படி இல்லை, பைதானில் அதை ஓவர்லோட் பண்ண (லைப்ரரி அதன் அர்த்தத்தை மாற்ற) வழியே கிடையாது. காலம் ஆப்ஜெக்ட் எப்பவும் நன் ஆக இருக்காது, அதனால ஃபில்டருக்குள்ள வெறும் ஃபால்ஸ் போகும். எர்ரர் வராது, ஒரு ரோவும் திரும்பாது. "!=" இருந்த இடத்தில் "இஸ் நாட்" போட்டால் இன்னும் மோசம்: ட்ரூ போகும், அந்த நிபந்தனையே இல்லாத மாதிரி எல்லா ரோவும் வரும். லின்ட்டரின் (கோடில் குறை கண்டுபிடிக்கும் கருவி) இ711 எச்சரிக்கையை, அதாவது "== நன்" கூடாது என்பதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கிட்டு மாத்தினா இதுதான் கதி. காலமுக்கு "இஸ்_" மெத்தட் இருக்கு, எதிர்மறைக்கு "இஸ்_நாட்". அதைப் போட்டால் லின்ட்டரும் வாயை மூடும், க்வெரியும் சரியா வரும்.

பெப் 8 பற்றி: அதில் வரி நீளம் 79, டீம் ஒத்துக்கிட்டா 99 வரை போகலாம். ஒற்றையா இரட்டையா என்று சாதாரண ஸ்ட்ரிங்குக்கு அது எதுவுமே சொல்லலை, ஒன்றைப் பிடித்தால் அதையே பிடி என்பதோடு சரி. 88-ம் இரட்டை மேற்கோளும் பிளாக்கின் இயல்பு அமைப்பு, பெப் 8 இல்லை. உங்க 120-ம் பெப் 8 இல்லை. ரெண்டு பேரும் அதைத் துணைக்குக் கூப்பிட முடியாது.

இன்றைக்கு: அந்த ரெப்போவுக்கு மட்டும் விஎஸ் கோட் வொர்க்ஸ்பேஸ் செட்டிங்கில் "ஃபார்மேட் ஆன் சேவ்" அணைக்கச் சொல்லுங்க. ஆறு வரித் திருத்தத்தைப் புது பிராஞ்சில் தனியா எடுத்து மெர்ஜ் பண்ணுங்க. டிஃப்பில் வெற்றிடத்தை மறைத்துப் பார்க்கலாமே என்று தோணும், இங்கே உதவாது. வரி உடைந்ததையும் மேற்கோள் மாறியதையும் அது மறைக்காது.

கமிட்சாமி:

மேலே சொன்னது முதலுதவி. நிரந்தரத் தீர்வு, ஃபார்மேட்டை மனிதர்கள் கையிலிருந்து எடுத்துவிடுவது. பிளாக்கோ ரஃப்போ (இதுவும் ஒரு ஃபார்மேட்டர்), ஏதாவது ஒன்று போதும். பைப்ராஜெக்ட் ஃபைலில் (கருவிகளின் அமைப்புகள் இருக்கும் ஃபைல்) வரி நீளத்தை 100 என்றோ 120 என்றோ வைக்கலாம். ஒற்றை மேற்கோள்தான் வேண்டும் என்றால் ரஃப்பில் அதற்கு அமைப்பு உண்டு. பிளாக்கில் மேற்கோளைத் தொடாதே என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

வரிசை முக்கியம். முதல் புல் ரெக்வெஸ்டில் கான்ஃபிக் மட்டும். இரண்டாவதில் ரெப்போ முழுவதும் ஃபார்மேட்டர் ஓட்டிய கமிட் மட்டும், கையால் ஒரு எழுத்தும் தொடக் கூடாது. "கோட் உடைந்துவிடுமோ" என்பவருக்கு: மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சின்டேக்ஸ் ட்ரீ (கோடின் இலக்கண அமைப்பு) ஒன்றாக இருக்கிறதா என்று பிளாக் தானே சரிபார்க்கும், ஃபாஸ்ட் ஆப்ஷன் கொடுத்தால் மட்டும் அதைத் தவிர்க்கும். மூன்றாவதில் அந்தக் கமிட்டின் 40 எழுத்து ஹேஷை (கமிட்டின் அடையாள எண்) பிளேமில் (எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டுவது) தவிர்க்க வேண்டிய கமிட்களின் பட்டியல் ஃபைலில் சேருங்கள். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. ".கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்" என்ற பெயரில் ரெப்போவின் மேல்மட்டத்தில் வைத்தால் கிட்ஹப்பின் பிளேம் பக்கம் தானே எடுத்துக்கொள்ளும். அவரவர் கணினியில் கிட் கான்ஃபிக்கில் ஒருமுறை காட்ட வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: ஸ்குவாஷ் மெர்ஜ் (கமிட்களை ஒன்றாக அமுக்கிச் சேர்ப்பது) செய்தால் ஹேஷ் மாறிவிடும். மெயினில் (முதன்மை பிராஞ்ச்) விழுந்த பிறகு அங்கிருந்து ஹேஷை எடுக்க வேண்டும். மூன்றாவதை இரண்டாவதோடு சேர்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஃபிளேக்8 (ஒரு லின்ட்டர்) கூடவே இருந்தால் இ203 விதியை அணையுங்கள், பிளாக் ஸ்லைஸில் (பட்டியலில் ஒரு பகுதியை எடுக்கும் எழுத்து முறை) வைக்கும் இடைவெளியை அது குறை சொல்லும். ஆனால் "இக்னோர்" என்ற அமைப்பில் எழுதாதீர்கள். அது இயல்பான விலக்குப் பட்டியலையே அழித்துவிடும், அதிலிருந்த டபிள்யூ503 விதி உயிர்பெற்று வரி உடைப்பு பற்றிப் புதுப் புகார்கள் கிளம்பும். "எக்ஸ்டெண்ட்-இக்னோர்" தான் சரி. ஐசார்ட் (இம்போர்ட் வரிகளை வரிசைப்படுத்தும் கருவி) இருந்தால் ப்ரொஃபைல் "பிளாக்" என்று போடுங்கள், இல்லையேல் இரண்டும் மாறி மாறி இம்போர்ட்டை அடுக்கிக்கொண்டே இருக்கும்.

ப்ரீ-கமிட் ஹுக் (கமிட்டுக்கு முன் தானே ஓடும் சோதனை) வசதிக்கு மட்டும்தான். "நோ-வெரிஃபை" போட்டால் தாண்டிவிடலாம். சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் சர்வரில் ஓடும் தானியங்கிச் சோதனை) "செக்" ஆப்ஷனோடு ஓடுவதுதான் காவல். வெர்ஷனைப் பூட்டி வையுங்கள். பிளாக் தன் ஸ்டைலை ஆண்டுத் தொடக்கத்தில் மாற்றும், பூட்டாவிட்டால் ஜனவரியில் யாரும் தொடாத ஃபைலுக்கு சிஐ சிவப்பாகும்.

தெற்குவாசல்:

நன்றி. இப்போது ஐந்து பிராஞ்ச் திறந்திருக்கிறது. எல்லாம் கான்ஃப்ளிக்ட் ஆகுமே?

கமிட்சாமி:

ஆகாமல் தப்பலாம். ஒவ்வொரு பிராஞ்சிலும் இப்படி: ஃபார்மேட் கமிட்டுக்கு ஒரு கமிட் முன்பு மெயின் எங்கே இருந்ததோ, அதை மெர்ஜ் செய்யுங்கள். இதில் கான்ஃப்ளிக்ட் வந்தால் அது உண்மையான கான்ஃப்ளிக்ட். பிறகு அதே வெர்ஷன் ஃபார்மேட்டரை அதே கான்ஃபிக்கோடு பிராஞ்ச் முழுக்க ஓட்டி கமிட். அடுத்து ஃபார்மேட் கமிட்டை "-எஸ் அவர்ஸ்" உத்தியில் (நம் பிராஞ்சின் கோடை அப்படியே வைத்துக்கொள்வது) மெர்ஜ். அதன் பின் வழக்கம்போல மெயின். "-எக்ஸ் அவர்ஸ்" (கான்ஃப்ளிக்ட் வரும் இடத்தில் மட்டும் நம்முடையதை எடுப்பது) வேறு சங்கதி, குழப்பிக்கொள்ளாதீர்கள். கான்ஃபிக் இல்லாமல் ஃபார்மேட்டரை ஓட்டினால் 88-க்கு மடித்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணல்மேடு:

ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஒரே ஒரு மாற்றுக்கருத்து. அலெம்பிக் மைக்ரேஷன் ஃபைல்களை (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்கள்) ஃபார்மேட்டரின் விலக்குப் பட்டியலில் போடுங்க. ஏற்கெனவே ஓடி முடிந்த ஃபைலை அழகுபடுத்தி ஒன்றும் ஆகப்போறதில்லை.

மிச்ச சண்டை ஃபார்மேட்டர் தொடாத இடத்தில் வரும்: பெயர் வைப்பது, எக்செப்ஷன் பிடிப்பது, டைப் ஹின்ட். பெயரில் நிதானம் வேணும். கேமல்கேஸ் (நடுவில் பெரிய எழுத்து வரும் பெயர்) ஃபங்ஷனை எல்லாம் ஸ்னேக்கேஸ் (அடிக்கோடு போட்ட பெயர்) ஆக்கணும் என்பார் புதியவர். ஏற்கெனவே அந்த ஸ்டைலே ஊறிப்போன இடத்தில் அது இருக்கலாம் என்று பெப் 8-லேயே இருக்கு. யூனிட்டெஸ்டின் "செட்அப்" இன்னும் அப்படித்தானே நிக்குது. ஃபீல்டு பெயரை மாத்தினா ஜேசன் கீயும் சேர்ந்து மாறி மொபைல் ஆப் உடையலாம். புது மாட்யூலுக்குப் புது விதி, பழசுக்குப் பழசு. மாறாக, வெறும் "எக்செப்ட்" என்று எழுதி எல்லாவற்றையும் விழுங்குற கோடை அவர் எதிர்த்தால் அவர் பக்கம் நில்லுங்க. அது ஸ்டைல் இல்லை, ப்ரோகிராமை நிறுத்த அழுத்தும் கண்ட்ரோல்-சி கூட அதில் மாட்டிக்கும்.

ரிவ்யூவுக்கு ஒரே விதி போதும்: எழுதி வைத்த ஸ்டாண்டர்டில் இல்லாத விஷயத்துக்காக மெர்ஜைத் தடுக்கக் கூடாது. "நிட்" (சின்னக் குறை) என்று முன்னொட்டுப் போட்டுச் சொல்லலாம், கேட்பதும் விடுவதும் எழுதியவர் இஷ்டம். தடுத்தே ஆகணும் என்றால் முதலில் ஸ்டாண்டர்டுக்கு ஒரு புல் ரெக்வெஸ்ட். சீனியருக்கும் இதேதான். ரெண்டு பேரும் கமென்ட்டில் மூணு முறைக்கு மேல் மோதினால் அங்கேயே நிறுத்தி, கால்மணி நேரம் கால் போட்டுப் பேசி, முடிவை மட்டும் புல் ரெக்வெஸ்டில் எழுதுங்க.

கான்ஃபிக் புல் ரெக்வெஸ்டை அந்தப் புதியவரையே போடச் சொல்லுங்க, சீனியர் அப்ரூவ் பண்ணட்டும். 120-ம் ஒற்றை மேற்கோளும் புதியவர் கையாலேயே கான்ஃபிக்கில் விழுந்துட்டா அப்புறம் அவர் எடிட்டரும் அதைத்தான் படிக்கும், ஃபார்மேட் ஆன் சேவை திரும்பப் போட்டுக்கலாம்.