மேசை மல்டிமீட்டர் டிஸ்ப்ளே மங்கிவிட்டது: கண்ணாடியை மாற்றத்தான் வேண்டுமா?

ஐந்தரை_இலக்கம்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் முப்பது வருடம் பழைய ஐந்தரை இலக்க (ஐந்து முழு இலக்கமும், முன்னால் பெரும்பாலும் 0 அல்லது 1 மட்டும் காட்டும் அரை இலக்கமும் கொண்ட) மேசை மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது. பச்சை நீலமாக ஒளிரும் வி.எஃப்.டி. டிஸ்ப்ளே, அதாவது காற்று நீக்கிய கண்ணாடிக் குழலுக்குள் எண்கள் ஒளிரும் வகை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது விளக்கை அணைத்தால்தான் எண்ணைப் படிக்க முடிகிறது. அளவு மட்டும் இன்றும் துல்லியம். அதனால்தான் இதைக் கைவிட மனம் வரவில்லை. அதே மாடலில் உடைந்த மீட்டர் ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. அதன் டிஸ்ப்ளே கண்ணாடிக் குழலைக் கழற்றி இதில் போடலாமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

கண்ணாடிக்குழல்:
செய்திருக்கிறேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள், வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ஆன் செய்தவுடன் எல்லா செக்மென்ட்டும் (எண்ணை உருவாக்கும் கோடுகள்) ஒருமுறை எரியும் அல்லவா, அதை மொபைலில் வீடியோ எடுங்கள். '8'இன் நடுக்கோடு மற்ற கோடுகளைவிடப் பளிச்சென்று இருக்கிறதா? மீட்டர் சும்மா இருக்கும் நேரமெல்லாம் பூஜ்யம் காட்டுகிறது. அப்போது நடுக்கோடு எரிவதில்லை. எனவே வெளிக்கோடுகள் மட்டும் மங்கியிருந்தால் பாஸ்பர் (கோடுகளில் இருக்கும் ஒளிரும் பூச்சு) தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கண்ணாடி மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எல்லாம் ஒரே அளவில் மங்கலாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்ப்ளேவுக்கு மின்சாரம் தரும் சப்ளையை. ஃபிலமென்ட்டுக்கும் (குழலுக்குள் சூடாகும் மெல்லிய கம்பிகள்) ஆனோடுக்கும் (பாஸ்பர் பூசிய கோடுகள்) இடையே பத்துக்கணக்கான வோல்ட் வேண்டும். அந்த லைனில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் (வோல்டேஜைச் சீராக்கும் பாகம்) வயதானால் வோல்டேஜ் இறங்கிவிடும். ஒரு முழு இலக்கம் மட்டும் எரியாவிட்டால் கோளாறு கிரிட் லைனில் (எந்த இலக்கம் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு). எல்லா இலக்கத்திலும் ஒரே கோடு எரியாவிட்டால் ஆனோடு லைன். இரண்டிலும் அந்த லைன்களை இயக்கும் டிரைவர் சிப்பையும் சால்டரையும் பார்த்த பிறகுதான் கண்ணாடியைக் குறை சொல்ல வேண்டும்.

இன்னொன்று: கண்ணாடியின் உள்ளே ஓர் ஓரத்தில் வெள்ளிப் பூச்சு போல ஒரு திட்டு தெரியும், அதுதான் கெட்டர் (உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சும் பூச்சு). அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. உடைந்த மீட்டரை வாங்கும் முன் அதிலும் இதைப் பாருங்கள்.

ஈயக்கம்பி:
ஃபிலமென்ட் வோல்டேஜைக் கைமீட்டரால் அளந்து முடிவு செய்யாதீர்கள். பல மாடல்களில் அது கிலோஹெர்ட்ஸ் கணக்கில் ஓடும் ஏ.சி., சாதாரண மீட்டர் தவறாகக் காட்டும். மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லையென்றால் இருட்டறையில் பாருங்கள். கம்பிகள் தெரிந்தும் தெரியாமலும் மங்கிய சிவப்பாக இருந்தால் சரி. கண்ணைப் பறிக்கும்படி சிவந்தால் வோல்டேஜ் அதிகம். பிரகாசம் வேண்டும் என்று அதை ஏற்றிவிடாதீர்கள், இருக்கிற ஆயுளும் போய்விடும்.

கண்ணாடியை மாற்ற நேர்ந்தால், போர்டில் சால்டர் செய்திருக்கும் அதன் கம்பிக் கால்களைப் பிடித்து நெம்பாதீர்கள். ஒவ்வொரு காலிலும் புதுச் சால்டர் விட்டு, பிறகு உறிஞ்சி எடுங்கள். கால் ஆடினால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி முனை தட்டுப்பட்டு உடைந்தால் உள்ளே காற்று புகுந்து, அதோடு எல்லாம் முடிந்தது.

போர்டில் லித்தியம் பேட்டரி இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பல பழைய மீட்டர்களில் கேலிப்ரேஷன் எண்கள் (அளவைத் துல்லியமாக்கும் திருத்த எண்கள்) அந்த பேட்டரியை நம்பித்தான் மெமரியில் இருக்கின்றன. துல்லியத்துக்காகத்தானே இதை வைத்திருக்கிறீர்கள்.

ஐந்தரை_இலக்கம்:
இருவருக்கும் மிக்க நன்றி. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மொத்தமும் மங்கல்தான், ஆனால் நடுக்கோடு ஒரு பிடி கூடுதலாகவே தெரிகிறது. கெட்டர் வெள்ளியாகத்தான் இருக்கிறது. ஃபிலமென்ட்டும் நீங்கள் சொன்ன மங்கிய சிவப்பு. சர்க்யூட் படத்தில் 36 வோல்ட் என்று போட்டிருக்கும் இடத்தில் எனக்கு 21தான் வந்தது. பிளக்கைப் பிடுங்கி, புரோபுகளையும் எடுத்துவிட்டு, கெப்பாசிட்டர்களில் உள்ள சார்ஜ் இறங்கும்வரை காத்திருந்து அந்த லைனின் கெப்பாசிட்டரைக் கழற்றினேன். 47 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, அளந்தால் 6.

கண்ணாடிக்குழல்:
அதை மாற்றுங்கள். பக்கத்தில் இருக்கும் அதன் ஜோடிகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், அவற்றுக்கும் அதே வயதுதான்.

ஐந்தரை_இலக்கம்:
மூன்றையும் மாற்றினேன். 35.4 வோல்ட் வருகிறது, பகல் வெளிச்சத்தில் எண்ணைப் படிக்க முடிகிறது! எட்டில் நடுக்கோடு இன்னும் சற்றுப் பளிச்சென்றுதான் இருக்கிறது, அது பாஸ்பர் தேய்மானம் என்று புரிந்துகொண்டேன். உடைந்த மீட்டரை இப்போதைக்கு வாங்கவில்லை. இனி வேலை முடிந்ததும் மீட்டரை அணைத்துவிடுகிறேன், இதுவரை நாள் முழுக்க ஆனிலேயே விட்டிருந்தேன்.