வீட்டுத் திட்ட அனுமதிக்கு எதிராக வழக்குப் போடலாமா?

எங்கள் தோட்டக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஏழைச் சனத்துக்கான தொடர்மாடிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். முகாமில் கிடந்த சனத்துக்கு வீடு வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் மலக்குழிக் கழிவு நிலத்தடிச் சுண்ணக்கல்லில் உள்ள வெடிப்புகள் வழியே நேரே கிணற்றுக்கு வரும். கட்டினால் சூழலுக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கும் சுற்றாடல் மதிப்பீடே செய்யவில்லை. இந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கினம்.

பதில்: அண்ணை, இலங்கை அரசின் 1993 வர்த்தமானி அறிவித்தல்படி 1000 வீடுகளுக்கு மேல் என்றால்தான் அந்த மதிப்பீடு கட்டாயம். முதலில் எத்தனை வீடு கட்டப்போகினம் என்று பாருங்கோ.

பதில்: அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் (சுப்ரீம் கோட்) போட வேண்டும், பிந்த வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் அந்த நீதிமன்றத்தில்தான் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது.

கேட்டவர்: சரி தம்பி. அனுமதியை ரத்தாக்கக் கேட்கமாட்டேன். மலக்குழியைத் தள்ளி, அடியில் கொங்கிறீட் போட்டுக் கட்டட்டும்.