நாக்கிங்: ‘முன்னெரிவு’ வேண்டாம், ‘தட்டல்’ போதும்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

பெட்ரோல் இன்ஜின் திணறும்போது கேட்கும் தட்டுகிற சத்தமான நாக்கிங்குக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக ‘முன்னெரிவு’ இந்த இழையில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது போல் தெரிகிறது. சொல் அழகாக இருக்கிறது, பொருள்தான் பிழை. கலைச்சொல் பட்டியலில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை எரிந்துவிடுவதுதானே நாக்கிங்?

இல்லை ஐயா. நாக்கிங் நடப்பது பொறி விழுந்த பிறகு. பிளக்கில் பற்றிய சுடர் சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவிக்கொண்டு போகிறது. எரிந்த வாயு விரிந்து, ஓரத்தில் இன்னும் எரியாமல் ஒதுங்கியிருக்கும் கலவையை நெருக்குகிறது. நெருக்க நெருக்க அதற்குச் சூடு ஏறுகிறது. சுடர் வந்து சேரும்வரை தாங்கினால் சத்தமில்லை. தாங்காமல் அந்த மிச்சக் கலவை தானாகவே ஒரே வீச்சில் பற்றிக்கொண்டால், அழுத்த அலை கிளம்பிச் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது. 80, 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் இந்த அதிர்வு வினாடிக்குச் சுமார் 6,000 முதல் 7,000 முறை. இப்போதைய கார்களில் இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் உணரி (சென்சார்) காத்திருப்பது இந்த அதிர்வுக்குத்தான். அது வந்ததும் கணினி பொறி விழும் நேரத்தைச் சற்றே தள்ளிப்போடுகிறது.

பொறிக்கு முன்பே பற்றுவது வேறு நோய். கரிப்படிவோ பிளக்கின் முனையோ பழுத்துச் சிவந்துபோய், பொறிக்குக் காத்திராமல் கலவையைப் பற்றவைத்துவிடுகிறது. ஒன்று மற்றொன்றைக் கிளப்பிவிடுவதும் உண்டு. டர்போ பொருத்திய சிறிய இன்ஜின்களில், குறைந்த சுழற்சியில் பெரும் பாரம் இழுக்கும்போது, கலவை முந்திப் பற்றி, அதன் விளைவாகப் பிஸ்டனை உடைக்கும் வேகத்தில் நாக்கிங் வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காடு மலைப்பாதையில் என் பழைய பைக்கில் போனேன். பின்னால் என் தம்பி. கியரைக் குறைக்காமல் முழுக்க முறுக்கினேன். காலடியில் யாரோ சில்லறை உண்டியலைக் குலுக்குவது போல ஒரு சத்தம். சேலத்துக்கு இறங்கியதும் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கைத் திருத்திவிட்டு, வேலை பழகும் பையன்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த இரண்டு பழைய பிஸ்டன்களை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒன்றின் விளிம்பு எலி கொறித்தது போலப் பொரிந்து, ரிங் உட்காரும் இடம் உடைந்திருந்தது. மற்றொன்றின் நடுவில் ஓட்டை. ஓட்டையின் வாய் மெழுகு உருகி உறைந்தது போல வழவழவென்று இருந்தது.

விளிம்பு பொரிந்ததை முதலிலும் ஓட்டை விழுந்ததைப் பிறகும் காட்டி, “இது தட்டிச் செத்தது. அது பழுத்துச் செத்தது” என்றார்.

நம் இழை பத்து நாளாகத் தேடும் வேறுபாடு அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.

> சிலிண்டருக்குள் எதுவும் எதையும் தட்டவில்லையே. காரணத்தைக் காட்டும் சொல் அல்லவா வேண்டும்?

காரணத்தை நம்பிப் பெயர் வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. 1916 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங், தாமஸ் மிட்ஜ்லி என்ற இரண்டு பொறியாளர்கள் இதே தொல்லையோடு மல்லுக்கட்டினார்கள். பெட்ரோலைவிட மண்ணெண்ணெய் மோசமாகத் தட்டியது. எரிபொருளைச் சிவப்பாக்கினால் வெப்பத்தை இழுத்துச் சீக்கிரம் ஆவியாகும் என்று நினைத்து, மிட்ஜ்லி அயோடினைக் கலந்தார். தட்டுவது குறைந்தது! பிறகு சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தால் ஒரு பயனும் இல்லை. வேலை செய்தது அயோடின், நிறம் அல்ல. அந்தத் தேடல்தான் 1921 டிசம்பர் 9 அன்று, பெட்ரோலில் கலந்தால் தட்டுவதைத் தடுக்கும் டெட்ராஎத்தில் ஈயத்தில் போய் முடிந்தது. (அந்த ஈயம் உலகெங்கும் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்தது பெரிய கொடுமை, அதற்குத் தனி இழையே வேண்டும்.) அவர்கள் அன்று நம்பிய காரணத்தை வைத்துப் பெயர் சூட்டியிருந்தால் அந்தப் பெயர் அன்றே செத்திருக்கும். காதில் விழுந்ததை வைத்த பெயர் இன்றும் நிற்கிறது.

‘தன்னெரிவு’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. டீசல் இன்ஜினில் தானாகப் பற்றுவதுதான் இயல்பு, அங்கே அது கோளாறே அல்ல. ‘வெடிப்பு’ என்பதும் வேண்டாம். ஒலியைவிட வேகமாக ஓடும் எரியலைக்கு அந்தச் சொல்லை ஒதுக்கி வைக்கலாம். அன்றாட நாக்கிங் பெரும்பாலும் அந்த வேகத்தை எட்டுவதில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘தட்டல்’. வினையாகவும் ஓடும்: இன்ஜின் தட்டுகிறது, தட்டியது, தட்டாது. தட்டல் உணரி, தட்டல் தடுப்பி என்று கிளைக்கும். பேரிங், டேப்பெட் போன்ற இன்ஜின் பாகங்களின் சத்தங்களையும் தட்டுவதாகத்தான் சொல்கிறோம் என்ற கோவை நண்பரின் தடை நியாயமானது. பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘எரித்தட்டல்’ எனலாம். வல்லினம் மிகாமல் ‘எரிதட்டல்’ என்று எழுதினால் வினைத்தொகையாகி, எரிகிற தட்டல் என்று பொருள் திரியும். எரியால் எழும் தட்டல் என்பதால் ஒற்று வேண்டும்.

பொறிக்கு முந்துவதற்கு ‘முன்பற்றல்’. முந்துவது பற்றுவது, எரிவது அதன் பின்தானே? ‘பொறி’ என்ற சொல்லை இந்தக் கலைச்சொற்களுக்குள் நுழைக்காமல் இருப்பதும் நல்லது. இயந்திரமும் பொறி, நெருப்புத் துளியும் பொறி என்றால் மாணவர் திணறுவார்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்துப் பட்டறைகளில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று அங்குள்ள நண்பர்கள் கேட்டு எழுத முடியுமா? ‘தட்டல்’ அங்கே வேறு கோளாறைக் குறிக்குமானால் என் பரிந்துரையை மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்