தொழில்முறை அணியின் பயிற்சி பார்க்கப் பொடியளைக் கூட்டிக்கொண்டு போறம்: எதைப் பார்க்கச் சொல்லுறது?

பந்தடி_நாவாந்துறை:

எல்லாருக்கும் வணக்கம். வெளியிலிருந்து வாற தொழில்முறை உதைபந்தாட்ட அணியொண்டு ஆடி மாதம் துரையப்பா விளையாட்டரங்கில பயிற்சி முகாம் போடுது. ஒரு நாள் மட்டும் பின்னேரம் 3.30 இலிருந்து 5.30 வரை பார்க்க விடுகினம். 12, 13 வயசுப் பொடியள் 16 பேரை வானில கூட்டிக்கொண்டு போக ஒழுங்கு செய்தாச்சு. மட்ச் பார்க்க எல்லாருக்கும் தெரியும், பயிற்சியைப் பார்க்கிறது எப்பிடி எண்டதுதான் கேள்வி. எந்தப் பக்கம் இருத்துறது, எதைக் கவனிக்கச் சொல்லுறது, கையெழுத்துக்கு எங்க நிக்கோணும், வீடியோ எடுக்கலாமோ? எங்களிட்டப் பந்து 8, கோன் 20, அரை மைதானம் இருக்கு. பார்த்ததில எதை இங்க செய்யேலும் எண்டும் சொல்லுங்கோ.

ஆறாம்_இலக்கம்:

முதல்ல ஒண்டைக் கேட்டு அறியுங்கோ: அதுக்கு அடுத்த நாள் அவைக்குப் போட்டி இருக்கோ? போட்டிக்கு மூண்டு நாலு நாள் கிடக்கேக்கதான் பாரமான வேலை நடக்கும். போட்டிக்கு முதல்நாள் எண்டால் 45 இலிருந்து 60 நிமிசத்தோட முடிச்சுப்போடுவினம். போட்டிக்கு அடுத்த நாள் எண்டால் முழு நேரமும் விளையாடினவை மெல்ல ஓடிப்போட்டு உள்ளுக்குப் போயிடுவினம், மிச்ச ஆக்கள்தான் பந்தடிப்பினம்.

சாதாரண நாள் எண்டு வைச்சுச் சொல்லுறன். தொடங்க 40 நிமிசம் முன்னமே போய் இருங்கோ. உதவிப் பயிற்றுநர்மார் கோன் அடுக்கிறதைப் பார்த்தாலே அண்டைக்கு என்ன நடக்கப்போகுது எண்டு முக்கால்வாசி விளங்கும். நாலைஞ்சு சின்னச் சதுரம் எண்டால் ரொண்டோ, அதாவது சுத்தி நிக்கிறவை பாஸ் பண்ண நடுவில ரெண்டு பேர் பறிக்கிறது. சின்ன கோல் ரெண்டும் சுத்திவரப் பந்துகளும் எண்டால் நாலுக்கு நாலு விளையாட்டு. ஒரு பொடியனிட்டக் கொப்பியைக் குடுத்து அந்த அடுக்கைக் கீறச் சொல்லுங்கோ. தூரத்தை மைதானக் கோட்டை வைச்சே மட்டுக்கட்டலாம்: பெனால்டிப் பெட்டி 40.32 மீற்றர் அகலம், 16.5 மீற்றர் ஆழம். கோலடியில உள்ள சின்னப் பெட்டி 18.32 மீற்றர் அகலம், 5.5 மீற்றர் ஆழம்.

ரொண்டோ நடக்கேக்கப் பந்தைப் பார்க்க விட்டால் ஒண்டும் பிடிபடாது, கண் பந்துக்குப் பின்னாலயே ஓடும். பந்து இன்னொருத்தரிட்ட இருக்கேக்க, அதை வாங்கப்போறவரைப் பார்க்கோணும். ஒருக்கா தோளுக்கு மேலால பின்னுக்குப் பார்ப்பார். உடம்பைப் பாதி திருப்பி வைச்சிருப்பார். பந்தை முன்னங்காலில நிப்பாட்டாமல் பின்னங்காலுக்கு வர விடுவார். முன்னங்காலில வாங்கினால் திரும்புறதுக்கு இன்னொரு தொடுகை வேணும், அதுக்குள்ள பறிக்கிறவர் வந்திடுவார். 16 பேரையும் எட்டுச் சோடியாப் பிரிச்சு, ஒரு சோடிக்கு ஒரு வீரர் எண்டு குடுங்கோ. பத்து நிமிசத்தில அவர் பந்து வாங்க முன்னம் எத்தினை தரம் பின்னுக்குப் பார்த்தார் எண்டு ஒருத்தர் எண்ண, மற்றவர் எழுதட்டும்.

இதைவிட முக்கியம் மணிக்கூடு. நாலுக்கு நாலை 4 நிமிசம் விளையாட விட்டு 3 நிமிசம் ஓய்வு குடுத்து நாலு தரம் செய்விக்கிறது வழமையான முறை. அந்த நாலு நிமிசத்தில பந்து வெளியில போனால் ஒருத்தரும் எடுக்க ஓடமாட்டினம். கோட்டுக்கு வெளியில நிக்கிறவர் அடுத்த பந்தை அந்தக் கணமே உள்ளுக்குத் தள்ளுவார். எங்கட பயிற்சிகளில வேலை குறையிறது இந்த இடத்திலதான். ஒரு பந்து மதிலுக்கு அங்கால போக எட்டுப் பேர் இடுப்பில கை வைச்சுக்கொண்டு நிக்கினம், நாலு நிமிசத்தில ரெண்டு நிமிசம் மினக்கெடு. உங்களிட்ட 8 பந்து இருக்கு. ரெண்டு விளையாட்டு ஒரே நேரம் நடத்தினால் ஒவ்வொண்டிலயும் ஒண்டு உள்ளுக்கு, மூண்டு கோட்டில. இடம் 30க்கு 20 மீற்றர் போதும். உங்கட வயசுக்கு 4 நிமிசம் வேண்டாம், 2 நிமிசம் விளையாட்டும் 2 நிமிசம் ஓய்வுமா வையுங்கோ. நேரம் நீண்டால் கடைசியில நடந்துதான் விளையாடுவாங்கள், நடந்து விளையாடப் பழகினால் அது பேந்து போகாது.

வீரர்களின்ர முதுகில, தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவில சின்னப் புடைப்பு மாதிரித் தெரியும். அது ஜிபிஎஸ் கருவி. ஓடின தூரம், வேகம், எத்தினை தரம் விரைஞ்சு ஓடினது எல்லாம் அதில பதியும். அதைப் பார்த்து ஒருத்தரைப் பாதியில வெளியில எடுத்தால் தண்டனை எண்டு பொடியள் நினைக்கக்கூடாது, அவருக்கு அண்டைக்குக் குறிச்ச அளவு முடிஞ்சுது, அவ்வளவுதான்.

வலைக்காவலன்:

16 பேரில கீப்பர் ஆரெண்டு தெரிஞ்சு அந்தப் பிள்ளையளைத் தனியாக் கூட்டிக்கொண்டு போங்கோ. கீப்பர்மார் அணிக்கு 15, 20 நிமிசம் முன்னமே தங்கட பயிற்றுநரோட தூரத்துக் கோலடிக்குப் போயிடுவினம், ஒருத்தரும் கவனிக்கமாட்டினம். கோலுக்கு நேர் பின்னால நிக்க வேண்டாம், வலையைத் தாண்டி வாற பந்து முகத்தில படும். கம்பத்திலிருந்து சரிவா, கீப்பரின்ர கால் தெரியிற இடத்தில இருங்கோ.

பாய்ச்சலைப் பார்க்க வேண்டாம், அது வடிவு, அவ்வளவுதான். அடிக்கிறவரின்ர கால் பந்தில படுகிற அந்தக் கணம் கீப்பரின்ர ரெண்டு பாதமும் நிலத்தில இருக்கோ எண்டு பாருங்கோ. நல்ல கீப்பர் அதுக்குச் சற்று முன்னம் சின்னத் துள்ளலொண்டு போட்டு நிலையெடுப்பார். எங்கட பிள்ளையள் அந்த நேரம் இன்னும் நடந்துகொண்டிருப்பாங்கள். ஒரு கால் காத்தில இருந்தால் மற்றப் பக்கம் பாய ஏலாது.

கையுறையையும் கவனிக்கச் சொல்லுங்கோ. போத்தில் தண்ணியை உள்ளங்கையில ஊத்தி, ரெண்டு கையையும் சேர்த்துத் தேய்ச்சுப்போட்டுத்தான் நிப்பினம். உள்ளங்கைப் பக்கத்தில இருக்கிற லேடெக்ஸ், அதாவது றப்பர் நுரை, ஈரமா இருந்தால்தான் பந்தில ஒட்டும். புழுதி பிடிச்சுக் காய்ஞ்சால் கண்ணாடி மாதிரி வழுக்கும். எங்கட மண்ணில இது இன்னும் முக்கியம். விளையாட்டு முடிய வெறும் தண்ணியில கழுவி நிழலில காய விடோணும். வெயிலில போட்டால் வெடிச்சு உதிரும்.

பந்துக்கும் ஒரு சொல். 5ஆம் இலக்கப் பந்து 68 இலிருந்து 70 சென்ரிமீற்றர் சுற்றளவு, 410 இலிருந்து 450 கிராம், காத்தழுத்தம் 8.5 இலிருந்து 15.6 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கிற அலகு) வரை இருக்கலாம். அவையின்ர ஆள் ஒவ்வொரு பந்தையும் மானி வைச்சுப் பார்த்துத்தான் பையில போடுவார். இங்க காலையில இறுக்கமா அடிச்ச பந்தை வானுக்குள்ள வெயிலில வைச்சால், உள்ளுக்கு 20 பாகை சூடு ஏற ஒண்டரை பிஎஸ்ஐ மட்டில கூடும். பின்னேரம் அது கல்லு. ஊசியைக் காய்ஞ்சபடி குத்தவும் கூடாது. வால்வின்ர றப்பர் கிழிஞ்சு, ஒவ்வொரு நாளும் காத்து இறங்கிற பந்தாப் போயிடும். ஒரு துளி கிளிசரின், இல்லாட்டித் தண்ணி தடவிப்போட்டு நேராக் குத்துங்கோ.

பந்தடி_நாவாந்துறை:

மெத்தப் பெரிய உபகாரம் அண்ணைமார். கேட்டுப் பார்த்தாச்சு, அடுத்த நாள் நட்புப் போட்டி இருக்காம். அப்ப நாலுக்கு நாலு இராதோ?

ஆறாம்_இலக்கம்:

அனேகமா இராது. ரொண்டோ இருக்கும், பிறகு கோணர், பிறீ கிக், பெனால்டி. இடையில எதிரணி இல்லாமல் பதினொரு பேரும் இடம் மாறி மாறி நடந்து பழகுவினம். ஆறுதலாத் தெரியும், பொடியளுக்கு அலுக்கும், அதால முன்னமே சொல்லி வையுங்கோ.

கோணர்தான் அண்டைக்கு உங்களுக்குப் பாடம். பந்தை வைச்சவர் கையைத் தூக்கிறது, ஒரு விரலோ ரெண்டு விரலோ எண்டதையும் பார்க்கோணும். தலையால அடிக்கப்போறவர் கோலடியில நிக்கமாட்டார், 11 மீற்றர் பெனால்டிப் புள்ளிக்கு வெளியிலிருந்து ஓடி வருவார். நிண்டபடி துள்ளுறவரைவிட ஓடி வாறவர் உயரமாத் துள்ளுவார். அவருக்கு முன்னால இன்னொருத்தர் சும்மா குறுக்க ஓடுவார், அவர்தான் வழி திறக்கிறவர். பெட்டி விளிம்பில ஒருத்தர் திரும்பி வாற பந்துக்காக நிப்பார். பின்னால ரெண்டோ மூண்டோ பேர் தங்கட பாதியைக் காக்கினம், அதில ஒருத்தர் கட்டாயம் வேகமானவர். எங்கட மட்சுகளில கோணர் கிடைச்சோடன எல்லாரும் கோலடிக்கு ஓடிப்போய், பந்து வெட்டுப்பட்டு மற்றப் பக்கம் கோலாகிறதுக்குக் காரணம் இந்தக் கடைசி ஆக்கள் இல்லாததுதான். சோடி சோடியா ஓடுபாதையைக் கீற விடுங்கோ, எண்ணுறதைவிட அது கெதியா மனசில நிக்கும்.

தசைநார்:

ஆறாம்_இலக்கம் வோர்ம் அப்பை விட்டிட்டார். அவை இருந்து காலை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு எண்ணமாட்டினம். மெல்லோட்டம், இடுப்பைச் சுழற்றுறது, பக்கவாட்டு ஓட்டம், துள்ளல், வெட்டித் திரும்பல் எண்டு 20 நிமிசத்துக்குள்ள உடம்பைச் சூடாக்குவினம். ஒரு தசையை ஒரு நிமிசத்துக்கு மேல இழுத்துப் பிடிச்சால் அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் வேகமும் துள்ளலும் குறையும். பயிற்சி முடிஞ்ச பிறகு இழுக்கலாம்.

ஆனால் பார்த்ததை அப்பிடியே உங்கட பிள்ளையளுக்குக் குடுக்க வேண்டாம். ஃபிஃபா 11+ எண்ட, காயம் வராமல் தடுக்கிற வோர்ம் அப் வரிசை 14 வயசும் அதுக்கு மேற்பட்டவைக்கும். அதில 15 பயிற்சி, மூண்டு பகுதி: 8 நிமிசம் ஓட்டம், 10 நிமிசம் பலமும் சமநிலையும், 2 நிமிசம் வேக ஓட்டம். 7 இலிருந்து 13 வயசுக்கு வேற வரிசை இருக்கு, 7 பயிற்சி மட்டும். விழுகிற முறை, ஒத்தைக்காலில நிக்கிறது எல்லாம் அதுக்குள்ள வரும். அதை வாரத்தில ரெண்டு தரமாவது செய்யுங்கோ. துள்ளி இறங்கேக்க முழங்கால் உள்ளுக்கு மடியுதோ எண்டு முன்னால நிண்டு பாருங்கோ. மடியிற பிள்ளைக்கு துள்ளலின்ர உயரத்தைக் குறையுங்கோ, எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம்.

கொடிக்கம்பம்:

இருக்கிற இடம், கையெழுத்து, வீடியோ மூண்டுக்கும் சொல்லுறன்.

பின்னேர வெயில் முதுகில படுகிற மாதிரி மேற்குப் பக்கம் இருந்தால்தான் வடிவாத் தெரியும். படியில மேல் வரிசையில இருங்கோ, கோணர் ஓட்டங்கள் கீழ இருந்தால் ஒண்டோடொண்டு மறைக்கும். ஆடியில சோளகம் தென்மேற்கால அடிக்கும். அதால பயிற்றுநரின்ர சத்தம் வடக்கு, கிழக்குப் பக்கம்தான் கேட்கும். மொழி விளங்கிற ரெண்டு பேரைக் கொஞ்ச நேரம் அங்க விடலாம். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணி, தொப்பி. விசில் ஒருத்தரிட்டயும் இருக்கக்கூடாது, ஒரு விசில் கேட்டால் உள்ளுக்கு எல்லாரும் நிண்டிடுவினம். பந்து உங்களிட்ட வந்தால் கையால உருட்டி விடுங்கோ, உதைக்க வேண்டாம்.

போட்டிக்கு முதல்நாள் கோணர் பழகிறதை வீடியோ எடுக்க எந்த அணியும் விரும்பாது. வாசலில நிக்கிற பொறுப்பாளரிட்டக் கேளுங்கோ. படம் எடுக்க விட்டாலும், கோணர் நேரம் போனைப் பையுக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ.

கையெழுத்துக்கு உடுப்பு மாத்திற அறை வாசலுக்கும் அவையின்ர பஸ்ஸுக்கும் இடையில, வேலிக்கு இங்கால வரிசையா நிக்கோணும். கோட்டோரம் தனியா ஓடிக்கொண்டிருந்த காயக்காரர் முதல்ல வருவினம், அவைக்கு நேரமும் இருக்கும். அழியாத மார்க்கர் பேனை நாலு கொண்டு போங்கோ: வெள்ளை ஜேர்சிக்குக் கறுப்பு, கடும் நிறத்துக்கு வெள்ளி. ஜெல் பேனை பந்தில வழுக்கும், எழுதாது. ஜேர்சிக்குள்ள கொப்பி மட்டையொண்டைச் செருகி ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சுக் குடுக்கோணும். மட்டை இல்லாட்டித் துணி சுருங்கி எழுத்து கோணும், மையும் மற்றப் பக்கம் ஊறும். பந்து எண்டால் முதல்ல புழுதியைத் துடையுங்கோ. மூடியைக் கழட்டி, பிடிக்கிற பக்கத்தை அவருக்கு நீட்டுங்கோ. ஆளுக்கு ஒண்டு, அதுக்கு மேல கேட்க வேண்டாம். எழுதினதை ஐஞ்சு நிமிசம் காய விட்டிட்டு மடியுங்கோ, வானில ஏறின உடனே அல்ல.