சேலத்தில் இரண்டு நாள்: மலை ஏறுவதா, பேட்டைக்குள் நடப்பதா?

பெரம்பூர் பாலு:

வணக்கம். ஜூனில் ஒரு வெள்ளி இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்து, சனி விடியுமுன் சேலம் ஜங்ஷனில் இறங்குகிறோம். ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்ப டிக்கெட் போட்டாயிற்று. நான், மனைவி, பத்து வயது மகள், அம்மா. அம்மாவுக்கு 68. முட்டி வலி உண்டு, ஆனாலும் மெதுவாக நடப்பார். ஒரு ஊருக்குப் போனால் ஒரு பேட்டைக்குள் நுழைந்து, அங்கே என்ன வேலை நடக்கிறது, சாயங்காலம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் கேட்ட எல்லாரும் "சேலத்தில் என்ன இருக்கு, நேரா ஏற்காடு ஏறிடு" என்கிறார்கள். ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

குகைக்காரன்:

பாலு அண்ணா, "சேலத்தில் என்ன இருக்கு" என்ற இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஜங்ஷனில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஊருக்குள் வராமலே மலைக்கு வண்டி பிடிக்கிறார்கள். நீங்களாவது வாருங்கள்.

சனிக்கிழமை முழுக்க ஊருக்குக் கொடுங்கள். காலையில் கோட்டைப் பகுதி. கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர், சுகவனேசுவரர், ராஜகணபதி நாலு கோயிலும் பக்கம் பக்கம்தான். சுகவனேசுவரரை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியிருக்கிறார். அம்மாவுக்குப் பிடிக்கும். கோயில் முடித்து அப்படியே கடைவீதி, வ.உ.சி. பூ மார்க்கெட், சின்னக்கடை வீதி. ஜூனில் மாம்பழம் இன்னும் இருக்கும், வாசம் தெருமுனையிலேயே பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய இடம் என்பதால் வந்த பெயர். பக்கத்தில் லீ பஜார். மளிகை, தானியம், வெல்லம் எல்லாம் மொத்த வியாபாரம். லாரியில் இருந்து மூட்டை இறங்குகிற நேரத்தில் போனால் வெல்லமும் மிளகாயும் சேர்ந்த ஒரு நெடி வரும். எனக்கு ஊர் என்றாலே அதுதான்.

நீங்கள் கேட்ட வேலை இருக்கிறதே, அதுவும் அங்கேதான். வெள்ளிக் கொலுசு. ஒரு பட்டறையில் சின்ன வயதில் நான் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். சங்கிலியைப் பலகை மேல் நீட்டி வைத்து, கடுகு மாதிரி வெள்ளி முத்துகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, நெருப்பை ஊதிப் பற்றவைப்பார்கள். ஊதுவது கொஞ்சம் அதிகமானால் முத்தே உருகிப் போகும். மகளுக்கு அதைக் காட்டுங்கள். கொலுசு போடும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

மலைக்காப்பி:

குகை அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. சேலம் வரைக்கும் வந்துவிட்டு மேலே ஏறாமல் போகச் சொல்வது சரியில்லை. மலை ஊரை விட்டுத் தனியாக இல்லை. ஊரில் எந்தத் தெருவில் நின்று வடக்கே பார்த்தாலும் சேர்வராயன் மலை தெரியும். ஜூனில் கீழே வெயில் 35 டிகிரியைத் தாண்டும். வயதான அம்மாவையும் குழந்தையையும் அந்த வெயிலில் லீ பஜார் லாரிகளுக்கு நடுவே நடக்க வைப்பீர்களா?

முப்பது கிலோமீட்டர்தான், 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் காற்று மாறுவது தெரியும். மேலே ஏற்காடு 1,515 மீட்டர். நாங்கள் மூன்று தலைமுறையாக நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில்தான் இருக்கிறோம். பேட்டை பார்க்கணும், வேலை பார்க்கணும் என்கிறீர்கள். இங்கேயும் அது இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி இன்னும் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஜூனில் கோடை மழை பெய்து முடிந்து, கணுவுக்குக் கணு பச்சைக் காய் கொத்தாகப் பிடித்திருக்கும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பலாப்பழம் ரோட்டோரத்திலேயே வெட்டி விற்பார்கள்.

குகைக்காரன்:

தம்பி, அந்த 20 வளைவைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். போன வருஷம் மே மாதம், கோடை விழா சமயம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏறினேன். பாதி மலையில் வண்டி நின்றது. இரண்டு மணி நேரம். பின்னால் பஸ், முன்னால் கார், பக்கத்தில் பள்ளம். என் மாமியாருக்குத் தலைசுற்றல் வந்து, தண்ணீர்கூட வாங்க வழியில்லை. மேலே போனால் ஏரியில் படகுக்கு வரிசை, லேடீஸ் சீட் காட்சிமுனையில் செல்ஃபிக்கு வரிசை, பகோடா பாயிண்டில் வண்டி நிறுத்த இடமில்லை. பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். வெளியூர்க்காரர் வார இறுதியில் வருகிறார், அவரை அந்த நெரிசலுக்குள் அனுப்புவது நியாயமா?

மலைக்காப்பி:

கோடை விழாவில் ஏறிவிட்டு மலையே அப்படித்தான் என்று சொல்லாதீர்கள் அண்ணா. ஏரியையும் லேடீஸ் சீட்டையும் மட்டும் சுற்றுவது, ஜங்ஷன் வாசலில் டீ குடித்துவிட்டு சேலம் பார்த்தேன் என்பது போலத்தான். ஊருக்கு நீங்கள் சொல்கிற நியாயத்தையே நான் மலைக்குச் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்குள் அடிவாரம் தாண்டிவிடுங்கள், ரோடு காலி. ஏரிப் பக்கம் நிற்காமல் நேராக சேர்வராயன் கோயில். 5,326 அடி, இந்த மலையிலேயே உச்சி. மேலே போனால் மைதானம் மாதிரிப் பரந்த புல்வெளி, கோயில் ஒரு குகைக்குள். குனிந்துதான் போகணும், அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வண்டி பக்கம் வரை போகும், படி ஏறும் கஷ்டம் பெரிதாக இல்லை. அப்புறம் தோட்டங்கள் வழியாக மஞ்சக்குட்டை, நாகலூர் பக்கம் மெதுவாக ஒரு சுற்று. பதினொரு மணிக்குக் கூட்டம் மேலே வரும்போது, நீங்கள் குப்பனூர் வழியாக இறங்கிக்கொண்டிருக்கலாம். அந்த ரோடு கொஞ்சம் சுற்று, ஆனால் நிம்மதி.

அம்மாபேட்டை நெசவு:

இருவரும் போட்டி போட்டுக்கொண்டு அழைக்கிறீர்கள். எனக்கு வேறு ஒரு கவலை. பட்டறையைப் பார், தோட்டத்தைப் பார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அவை கண்காட்சி இல்லை, எங்கள் வீடு.

நான் சௌராஷ்டிரக் குடும்பம், அம்மாபேட்டையில் அப்பா இன்னும் தறியில் உட்காருகிறார். சேலம் வெண்பட்டு, புவிசார் குறியீடு வாங்கிய துணி. தறி முன்கூடத்தில், சமையல் பின்கட்டில், படுக்கை தறிக்குப் பக்கத்தில். வாசல் திறந்திருந்தால் உள்ளே கேமராவை நீட்டுகிறார்கள். ஒரு முறை அம்மா தலை வாரிக்கொண்டிருந்ததை ஒருவர் படம் எடுத்துவிட்டு, "நேச்சுரலா இருக்கு" என்றார். அம்மா அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை.

வரவேண்டாம் என்று சொல்லவில்லை பாலு சார். வாசலில் நின்று "பார்க்கலாமாங்க" என்று கேளுங்கள். சரி என்றால் செருப்பை வெளியே விட்டு வாருங்கள். குழித்தறியில் கால் கீழே மிதிக்க மிதிக்க, கை மேலே ஊடுநூல் நாடாவை ஓட்டுவதைப் பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள். விலை கேட்டால் கேளுங்கள், வாங்கணும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை பல வீட்டில் தறி ஓடாது. வேலை பார்க்கணும் என்றால் சனிதான். அந்த வகையில் குகை அண்ணன் சொன்ன நாள் சரி.

குகைக்காரன்:

நெசவு சொன்னது மனதைத் தைத்தது. நான் பட்டறைக்குள் சின்னப் பையனாக நின்றது, அது என் மாமா பட்டறை என்பதால். வெளியாளுக்கு அந்த உரிமை கிடையாது. மாற்றிச் சொல்கிறேன்: கடையில் கொலுசு வாங்குங்கள், அவர்களிடமே கேளுங்கள். பல கடைக்காரர்களுக்குப் பட்டறைத் தொடர்பு இருக்கும், அழைத்துப் போனால் போங்கள்.

ஆனால் மலை விஷயத்தில் நான் மாறவில்லை. இரண்டு நாளில் ஒரு நாளை வண்டியில் கழிக்கக் கூடாது.

சூரமங்கலம் அக்கா:

எல்லாரும் இடம் இடமாகச் சண்டை போடுகிறீர்கள், யாரும் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சேலத்தில் சாப்பாடு நேரத்தைப் பொறுத்தது.

தட்டுவடை செட்டுக்காகத்தான் வருகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது காலையில் கிடைக்காது. நாலு மணிக்கு மேல்தான் தள்ளுவண்டியில் கேரட், பீட்ரூட் துருவி வைப்பார்கள். ஒரு தட்டுவடையில் பச்சைச் சட்னி, காரச் சட்னி தடவி, துருவினதும் வெங்காயமும் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடை மூடி, கையில் கொடுத்த உடனே வாயில் போடணும். பேசிக்கொண்டே வைத்திருந்தால் சட்னி ஊறி நமுத்துப் போகும். பார்சல் கட்டவே கட்டாதீர்கள். இப்போது சீஸ், மயோனைஸ் எல்லாம் போடுகிறார்கள், எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பூண்டுக் காரத்தையும் பீட்ரூட் இனிப்பையும் அது மூடிவிடும். குழந்தைக்குக் காரம் வேண்டாம் என்றால், காரச் சட்னியைக் குறைக்கச் சொல்லி, தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கல் வாங்கிக் கொடுங்கள்.

அதனால் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டில் இருந்து நாலு வரை ரூமில் படுங்கள். நான் சொல்கிற முக்கியமான விஷயம் இதுதான். அந்த வெயிலில் கடைவீதியில் நடந்தால் அம்மாவுக்கு ஞாயிறு எழுந்திருக்க முடியாது. காலை ஏழில் இருந்து பதினொன்று வரை ஒரு பேட்டை, சாயங்காலம் நாலரையில் இருந்து எட்டு வரை இன்னொன்று. அவ்வளவுதான். குகைத் தம்பி சொன்ன கோட்டை, கடைவீதி, செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் எல்லாம் ஒரே காலையில் 68 வயதுக்கு முடியாது.

குகைக்காரன்:

அக்கா, தட்டுவடை செட்டுக்குச் செவ்வாய்ப்பேட்டைதானே?

சூரமங்கலம் அக்கா:

இல்லை தம்பி. ஒவ்வொரு பேட்டைக்காரரும் எங்களுடையதுதான் அசல் என்பார்கள். நான் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, குகை எல்லாப் பக்கமும் சாப்பிட்டிருக்கிறேன். வண்டியைப் பார்த்துப் பழகியவள் சொல்கிறேன்: தட்டுவடையை ஒடித்துப் பார்த்தால் 'டப்' என்று சத்தம் வரணும், சட்னி அன்றைக்கு அரைத்ததாக இருக்கணும், வண்டியைச் சுற்றி அந்தத் தெருப் பெண்கள் நிற்கணும். மூன்றும் இருந்தால் எந்தப் பேட்டையாக இருந்தாலும் சாப்பிடுங்கள்.

மலைக்காப்பி:

அக்கா கணக்குப்படியே பார்த்தாலும் ஞாயிறு காலை சும்மாதானே இருக்கிறது? தறி ஓடாது, பட்டறை மூடியிருக்கும். அந்த நேரத்துக்குத்தான் மலையைச் சொல்கிறேன். அதிகாலை ஏறி மத்தியானத்துக்குள் இறங்கினால் ரயிலுக்கு நேரம் இருக்கும். போகிற வழியில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. நூற்றுக்கும் மேலே படம் எடுத்த இடத்தில் இப்போது அந்த வளைவுதான் நிற்கிறது. சின்ன வயதில் சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வண்டியை இரண்டு நிமிடம் நிறுத்தினால் அம்மா அதைப் பார்க்கலாம்.

அம்மாபேட்டை நெசவு:

ஞாயிறு காலை உழவர் சந்தையும் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். அம்மாபேட்டையிலும் உண்டு, அக்கா பக்கம் சூரமங்கலத்திலும் உண்டு. ஆறு, ஏழு மணிக்கே போகணும். சுற்று வட்டாரத்துக் காய் முழுக்க அங்கே வரும். குச்சிக்கிழங்கு இருந்தால் மகளுக்குக் காட்டுங்கள். சென்னையில் மரவள்ளி என்பார்கள். பாயசத்தில் போடும் ஜவ்வரிசி அதிலிருந்துதான் வருகிறது என்று பல பேருக்குத் தெரியாது. சேலம் ஜவ்வரிசிக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைக்குப் போகலாம், ஆனால் அது ஒன்றே சேலம் ஆகாது.

குகைக்காரன்:

ஆறு மணிக்கு அடிவாரம் தாண்டுவது என்பது எழுத நன்றாக இருக்கிறது. குழந்தையோடும் அம்மாவோடும் ஐந்து மணிக்குக் கிளம்ப முடியுமா என்று பாலு அண்ணன்தான் சொல்லணும். எட்டு மணிக்கு ஏறுவதாக இருந்தால் என் பேச்சைக் கேளுங்கள், ஏறாதீர்கள்.

பெரம்பூர் பாலு:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். தறி வீட்டு விஷயத்தைக் கேட்டதும் "நாம கேட்டுட்டுப் போவோம்" என்றார். சனி காலை அம்மாபேட்டை, சாயங்காலம் கோட்டைப் பக்கம் கோயிலும் தட்டுவடை செட்டும். நடுவில் அக்கா சொன்னபடி தூக்கம். செவ்வாய்ப்பேட்டையை இந்த முறை விடுகிறேன், குகை அண்ணன் மன்னிக்கணும். கொலுசு மட்டும் கடைவீதியில் வாங்கிக்கொள்கிறோம்.

ஞாயிறு அம்மா நாலரைக்கே எழுந்துவிடுவார், அது பழக்கம். மகள்தான் சந்தேகம். அவள் ஐந்துக்குள் கிளம்பினால் மலை, இல்லையென்றால் உழவர் சந்தை. ஒரே ஒரு கேள்வி, மாம்பழம் எப்போது வாங்குவது, எப்படிக் கொண்டுபோவது?

குகைக்காரன்:

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணா. ஆடியில் வாருங்கள், கோட்டை மாரியம்மன் திருவிழா சமயம். குகையில் வண்டி வேடிக்கை நடக்கும், மாட்டு வண்டி காலத்தில் இருந்து வருகிற அலங்காரம். அப்போது செவ்வாய்ப்பேட்டையையும் சேர்த்து நடந்தே காட்டுகிறேன்.

சூரமங்கலம் அக்கா:

சனிக்கிழமை வாங்கி ரூமில் வைக்காதீர்கள், ஏசியில் வாடிப் போகும். ஞாயிறு சாயங்காலம் சின்னக்கடை வீதியில் வாங்குங்கள். அன்றைக்கே தின்ன இரண்டு கிலோ பழுத்தது, மீதியைக் காய்வெட்டாக, அதாவது இன்னும் பழுக்காததாகக் கேளுங்கள். பெரம்பூர் போய் நாலு நாளில் பழுக்கும். மல்கோவா கேளுங்கள், இமாம்பசந்த் கிடைத்தால் விடாதீர்கள். கிளிமூக்கு மகளுக்கு உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட.

காம்புப் பக்கம் மூக்கை வைத்துப் பாருங்கள், வாசம் வந்தால் மரத்துப் பழம். மேலே முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, வாசமே இல்லை என்றால் கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்தது, வேண்டாம். அட்டைப் பெட்டியில் கீழே வைக்கோல், ஒரு அடுக்கு காய், மறுபடி வைக்கோல். காம்பு கீழே பார்க்கிற மாதிரி அடுக்கச் சொல்லுங்கள். ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளும்போது மேலே பை வைக்காதீர்கள்.