பாரூர் ஏரியில் மரப்பலகைப் பாதை: மூன்று மீட்டர் தொலைவில் நின்றது எந்தப் பறவை?

ஓசூர் நடையர்:
கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர்ப் பெரிய ஏரியின் ஆழமற்ற பகுதியில், கோரைக்கு நடுவே ஒரு மரப்பலகைப் பாதை அமைக்கலாம் என்று நேற்று எழுதினேன். அதை "ஊரறியாதவர் ஆசை" என்று ஒருவர் ஒதுக்கிவிட்டார். என் தாயாருக்கு 71 வயது. முட்டிவலியால் ஏரிக்கரைச் சரிவில் ஏற முடியாமல் கீழே காரிலேயே உட்கார்ந்திருந்தார். அதே அம்மா முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் மரப்பாதையில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் நடந்தார். பறவைகள் மிரண்டுவிடும் என்பது வீண் அச்சம். ஏரி நிறைந்தால் உபரிநீர் வழியும் கலிங்கருகே நான் நின்றபோது மூன்று மீட்டர் தொலைவில் ஒரு நீலத் தாழைக்கோழி மேய்ந்துகொண்டிருந்தது, பறக்கவே இல்லை.

பாரூர்க்காரன்:
ஒதுக்கியவன் நான்தான். கலிங்கருகே திறந்த நீரில் மேய்வது பெரும்பாலும் நாமக்கோழி. உடல் கறுப்பு, அலகும் நெற்றியும் வெள்ளை. நீலத் தாழைக்கோழிக்கு அலகும் நெற்றித் தகடும் சிவப்பு. அது கோரைக்குள் நடந்து, நெடிய விரல்களால் தண்டைப் பிடித்து உண்ணும் பறவை. நீங்கள் பாதை கேட்பது அது கூடு கட்டும் கோரைக்குள். ஆகவே கேட்கிறேன்: நீங்கள் பார்த்த பறவையின் அலகு என்ன நிறம்?

ஓசூர் நடையர்:
மூன்று மீட்டர் என்பது என் கண்ணால் அளந்த தூரம். பெயர் எதுவானாலும் பறவை பறக்கவில்லை என்பதே செய்தி.

விதி படித்தவன்:
இருவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரநிலங்களைக் காப்பதற்கான 1971ஆம் ஆண்டின் ராம்சர் பன்னாட்டு உடன்படிக்கை மனிதர் அமைத்த நீர்நிலையையும் ஈரநிலமாகவே கொள்கிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, பாசனத்துக்கென்றே அமைக்கப்பட்டவற்றை விலக்குகின்றன. இந்த ஏரி எதில் சேரும் என்று முதலில் பேசினால், பாதை கூடுமா கூடாதா என்பது தெளிவாகும்.

பாரூர்க்காரன்:
விதியைப் பிறகு பார்க்கலாம். அவர் அலகைச் சொல்லவில்லை. முத்துப்பேட்டையை எடுத்துக்காட்டியதற்கும் பதில் சொல்கிறேன். அங்கே கடல் ஓதத்தால் நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே தென்பெண்ணையில் நீர் வந்து, நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து திருப்பிவிட்டால்தான் ஏரி நிறையும். கோடையில் நீர் பின்வாங்கி, பிளந்த சேறு மட்டும் கிடக்கும். நிறைந்த காலத்துக்கு உயர்த்திக் கட்டினால், வற்றிய காலத்தில் உங்கள் பாதை சேற்றுக்கு மேலே ஆளுயரத்தில் நிற்கும். தாழ்த்திக் கட்டினால் மழைக்காலத்தில் மூழ்கிப் பலகையில் பாசி படரும். பாசி பிடித்த பலகையில் முட்டிவலிக்காரர் கால் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். நான் இந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்தவன். படகிலிருந்து படம் எடுத்துப் போகிறவன் அல்லன்.

ஓசூர் நடையர்:
படகில் வந்து படம் எடுத்தவன் என்று என்னைச் சொல்வது இது இரண்டாம் முறை. போன ஆண்டு பறவைக் கணக்கெடுப்பின்போது என் பட்டியலைத் தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் படித்துக் காட்டியதை நான் மறக்கவில்லை.

பாரூர்க்காரன்:
அன்றும் நாமக்கோழியைத்தான் மாற்றி எழுதியிருந்தீர்கள்.

சந்தூர் வாசகி:
வயதானவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏரியைப் பார்க்கவே கூடாதா, ஐயா? கோரைக்குள் வேண்டாம் என்றால், 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயராத சரிவுப் பாதை ஒன்றைக் கரையிலேயே அமைக்கலாமே.

பாரூர்க்காரன்:
அம்மா, கரையில் சரிவுப் பாதை அமைப்பதை நான் எங்கே எதிர்த்தேன்? கரையைப் பலப்படுத்தி அமைத்தால் நானே மண் சுமக்க வருவேன். என் எதிர்ப்பு கோரைக்குள் தூண் நடுவதற்கு. தாழைக்கோழி மழைக்காலத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கோரையை மடித்துப் பின்னிக் கூடு அமைக்கும். அசையாமல் நிற்கும் ஒரு மனிதரைப் பறவை பொறுத்துக்கொள்ளலாம். காலடியில் பலகை அதிர, குழந்தைகள் ஓட, நாள் முழுதும் வரிசையாக ஆட்கள் போகும்போது அடைகாக்கும் கோழி கூட்டில் இருக்காது. அது எழுந்து போன நேரத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். இதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓசூர் நடையர்:
மூன்று மீட்டரில் பறக்காத பறவை பலகைச் சத்தத்துக்கு முட்டையை விட்டுப் போகுமா?

பாரூர்க்காரன்:
தூண்களைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் உங்கள் ஓசூர் அருகே தென்பெண்ணையில் உள்ள கெலவரப்பள்ளி அணையைக் கவனியுங்கள். பெங்களூருக் கழிவு அங்கே நுரையாகப் பொங்குகிறது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணை வழியாக இங்கே வருகிறது.

ஓசூர் நடையர்:
நுரையை நான் கலக்கவில்லை. வாசலில் அதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்பவர்கள் நாங்கள். மூன்று மீட்டருக்குப் பதில் இல்லாததால் நுரைக்குத் தாவுகிறீர்கள்.

விதி படித்தவன்:
இந்த ஏரி ஈரநிலமா என்பதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

பாரூர்க்காரன்:
சொல்ல வேண்டியவர் அவர். ஐயா, மறுபடியும் கேட்கிறேன்: அலகு வெள்ளையா, சிவப்பா?

ஓசூர் நடையர்:
வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் மறுபடியும் வருகிறேன். அதே இடத்தில் நின்று, இம்முறை அளவுநாடாவால் அளப்பேன்.

பாரூர்க்காரன்:
நாடாவோடு இருநோக்கியும் (பைனாகுலர்) கொண்டு வாருங்கள். காலை ஆறு மணிக்குக் கலிங்கில் நிற்பேன்.